வெள்ளைப் புகை

“என்னய்யா, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?” டிரெய்லரில் கோணிகள் மேல் படுத்திருந்த மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு வலி எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கோழிப்பண்ணைக்காரன் மறுபடியும் சாவியைத் திருப்பினான். வழியோரக் கொட்டகையில் சாவியோடு நின்றிருந்த அந்தப் பழைய டிராக்டர் உர் உர்ரென்று உறுமியது, அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. நடுவில் மூன்று மைல் சேறு. அதைத் தாண்ட இந்த டிராக்டரை விட்டால் வேறு வழியில்லை.

விடியற்காலைக் குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. செல்போன் வெளிச்சத்தில் டூல் பாக்ஸ் மூடியில் பெயின்ட்டால் எழுதிய ஒரு நம்பர் தெரிந்தது. மெக்கானிக் நம்பராகத்தான் இருக்கும் என்று போட்டான். ஒரு பெண் குரல் எடுத்தது.

“மெக்கானிக் வீடுங்களா? டிராக்டர் கிளம்ப மாட்டேங்குதுக்கா. ராத்திரிக் குளிர்ல கட்டையா கிடக்குது.”

“யாருங்க இந்த நேரத்துல? எங்க, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேக்கறேன்.”

போனை இன்ஜின் பக்கம் நீட்டிச் சாவியைத் திருப்பினான். அந்தப் பக்கம் யாரோ சட்டென்று எழுந்து உட்கார்ந்ததுபோல் கட்டில் கிரீச்சிட்டது.

“அங்க யாரு முனகறது?”

“என் சம்சாரம்க்கா. தலைப்பிரசவம். ஆம்புலன்ஸ் உள்ள வராதாம்.”

பிறகு குரல் மாறியிருந்தது. “சரி தம்பி, பதறாதே. உனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமில்ல?”

“ஓட்டுவேன்க்கா. இவ்வளவு பழசை எழுப்பித்தான் பழக்கம் இல்ல.”

“ஸ்டாப் குமிழை உள்ள தள்ளியிருக்கியா?”

“தள்ளிட்டேன்.”

“சைலன்சர்ல வெள்ளைப் புகை வருதா?”

“ஒரு பொட்டுக்கூட இல்லக்கா.”

“அப்ப டீசலே போய்ச் சேரல. லைன்ல காத்து பிடிச்சிருக்கு.”

“கந்தல் துணியைக் கொளுத்தி இன்ஜினுக்குச் சூடு காட்டட்டுமா?”

“கொளுத்துவ! புள்ளத்தாச்சியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நெருப்பா? டூல் பாக்ஸ்ல பிடி வளைஞ்ச ஸ்பேனர் ஒண்ணு கிடக்கும். அதை எடு.”

கிடந்தது. அவள் சொன்னபடி ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினான். நுரைநுரையாக டீசல் வழிந்தது. ஸ்பேனர் இரண்டு தடவை கை நழுவி விழுந்தது.

“என்னய்யா நடக்குது அங்க?”

“காத்து எடுக்கறேம்மா.”

“எனக்கு மூச்சே போகுது, நீ காத்து எடுக்கறியா? நான் என்ன உன் கோழியா, முட்டை இட்டுட்டு எழுந்து போக?”

போனில் ஒரு சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. “நுரை நின்னதும் திருகை இறுக்கு. அப்புறம் சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு இருபது எண்ணு. அவசரப்பட்டே, கெட்டுது.”

பதினொன்று எண்ணும்போது மனைவி அலறினாள். எண்ணிக்கை எங்கேயோ போயிற்று. பாதியிலேயே ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் சோம்பலாக இரண்டு சுற்று சுற்றி நின்றது. பேட்டரியும் களைத்துவிட்டது.

“முடியலக்கா.” அவன் திரும்பி டிரெய்லரைப் பார்த்தான். “அவ கையைப் பிடிக்கறதா, இந்தச் சாவியைப் பிடிக்கறதா? எனக்கு ஒண்ணுமே ஓடலக்கா.”

“இன்னும் ஒரு தடவைக்கு அது தாங்கும். கை ஆக்சிலேட்டரைப் பாதி இழுத்து விடு. கிளட்சை அழுத்தி மிதி. சாவியைப் பிடி, நான் எண்ணறேன். ஒண்ணு… ரெண்டு…”

மனைவியும் கூடவே முனகினாள். பதினேழு, பதினெட்டு என்று அவள் குரலும் சேர்ந்துகொண்டது. இருபதில் திருப்பினான்.

சைலன்சரிலிருந்து வெள்ளையாக ஒரு கொத்துப் புகை. டிராக்டர் தும்மியது, இருமியது, அணையப் பார்த்தது, பிறகு கடகடவென்று பிடித்துக்கொண்டது.

“அக்கா, நீங்க நல்லா இருக்கணும்!” இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்தினான். “உங்க கடை எங்கன்னு சொல்லுங்க. புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து கால்ல விழறேன்.”

“கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. போறப்ப என் கொட்டகைக் கதவைச் சாத்திட்டுப் போ தம்பி.”