படத்துக்குக் கீழே ஒரு தப்பு

குளத்துக்குள் நட்டிருந்த கம்பின் மேல் பாம்புத்தாரா இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பாம்பு தலையைத் தூக்கினாற்போல் நீளக் கழுத்து.

விஜயசங்கர் ஆசை தீரக் கேமராவில் படம் எடுத்தார். படத்தைப் போனுக்கு மாற்றி, "சாரல் படங்கள்" என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: நீர்க்காகம், குத்துக்கல்வலசை.

பிறகு கரையோரம் இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்.

கடைக்காரர் முகம்மது சலீம் டீயை நீட்டினார். "பறவையப் பாக்கதவிட போனத்தான் கூடப் பாக்கிய, அண்ணாச்சி."

இந்தப் பக்கத்து அழகையெல்லாம் அந்தக் குழுவில் போட்டவர்தான் விஜயசங்கர். தென்காசிக் கோபுரத்தில் மேகம் இறங்கின படம், செங்கோட்டை வளைவு, புளியறை வயலில் நனைந்த மயில். ஆளுக்கு ஒரு கட்டைவிரல் காட்டுவார்கள். அதோடு சரி.

போன சீசனில் பழைய குற்றாலத்தைப் படம் எடுத்துப் போட்டு, ஏதோ ஞாபகத்தில் ஐந்தருவி என்று எழுதிவிட்டார். அன்றைக்குத்தான் உமாவிடமிருந்து ஒரு வரி வந்தது.

"இது பழைய குத்தாலம்."

உமா அந்தக் குழுவில் இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அவர் அழைத்தால் அந்த நம்பரில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் ஒரு தப்பைக் கண்டால் உமாவால் சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது.

அதற்கப்புறம் விஜயசங்கரின் படங்களில் தப்பு அடிக்கடி வந்தது. மரங்கொத்தியை மீன்கொத்தி என்றார். புளியறைப் படத்துக்கு ஆரியங்காவு என்று எழுதினார். ஒவ்வொன்றுக்கும் உமாவின் ஒற்றை வரி வந்தது. அதைத்தான் அவர் எடுத்து எடுத்துப் பார்ப்பார்.

இன்றைக்கும் போன் கிணுகிணுத்தது.

"அது பாம்புத்தாரா அண்ணாச்சி. கழுத்தப் பாத்தாத் தெரியலயா?" வீரபாகு எழுதியிருந்தார்.

"வாரம் ஒண்ணு தப்பாப் போடுதாரு. யாராவது கூட்டிட்டுப் போயி கண்ணாடிய மாத்தி விடுங்கப்பா." இது தங்கபுஷ்பம் டீச்சர். அதற்கு நாலைந்து பேர் சிரித்திருந்தார்கள்.

விஜயசங்கர் எல்லாருக்கும் நன்றி சொன்னார். உமா வரவில்லை. திருத்துவதற்கு இவர்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லையே.

டீ ஆடை கட்டிவிட்டது. குடிக்காமலே எழுந்தார். எல்லாருக்கும் தெரிந்த தப்பைப் போட்டால் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்தவர் பூட்டைத் திறக்கவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று தன் வீட்டையே கேமராவில் பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார். வாசல் வேம்பின் கிளை ஒன்று மாடிச் சுவரின் நெற்றியை மறைக்கும்வரை நகர்ந்து, அப்புறம் எடுத்தார்.

"குத்துக்கல்வலசையில் ஒரு பழைய வீடு. கட்டிய வருடம் 1995."

போட்டுவிட்டு அங்கேயே வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்தார். குழுவில் வேறு யாரும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. ரெண்டு கட்டைவிரல் வந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

அப்புறம் வந்தது.

"1997."

"மரம் மறைச்சுக்கிட்டு நிக்கி. நீங்க எப்பிடிம்மா சொல்லுதிய?" என்று வீரபாகு கேட்டார்.

உமா ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடியும் நின்றது.

விஜயசங்கரே எழுதினார். "சரி பாப்பா. திருத்திக்கிடுதேன்."

சாரல் காற்று வேப்பங்கிளையை ஒரு பக்கமாகத் தள்ளியது. மாடி நெற்றியில், சிமெண்டில் எழுதிப் பாசி ஏறின எழுத்து தெரிந்தது.

உமா இல்லம், 1997.