அல்வால் படிக்கிணற்றில் ஒரு திரையிடல்

கிணற்றுக்குள் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது.

படத்தில் ஒருவர் "வணக்கம்" என்றால், அவருடைய அடுத்த சொல்லின்மேல் அந்த வணக்கமே மறுபடி வந்து விழுந்தது. எல்லாம் கலந்து இரைச்சலாகியது.

நீலா ஸ்பீக்கரை இடம் மாற்றினாள். தரையைப் பார்த்துச் சாய்த்தாள். கடைசியில் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

"நக்கோ அக்கா, வேணாம். ஏத்தினா எதிரொலியும் கூடவே ஏறும்," என்றான் ஒலியைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி சரத்.

அல்வாலில் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கிறது அந்தப் படிக்கிணறு. மூன்று பக்கம் கல்படிகள். நான்காவது பக்கம் செங்குத்தான சுவர். அதில்தான் திரை கட்டியிருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன்புவரை அங்கே ஒரு கிணறு இருப்பதே வெளியே தெரியாது. விளிம்புவரை குப்பை. நீலா கூப்பிட்டாள், காலனி வந்து அள்ளியது. அள்ளியவர்களையே கிணற்றை வரையச் சொன்னாள். அந்த ஓவியங்களை அசையவைத்து, அவர்களுடைய பேச்சையும் சேர்த்துத்தான் இந்தப் படம்.

மறுபடி குப்பை விழாமலிருக்க இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிடலாம் என்றார் சங்கச் செயலாளர் துரைராஜ். படம் முடிந்ததும் எல்லோரும் பேசி முடிவெடுப்பதாக ஏற்பாடு. பூட்டிவிட்டால் இன்னொரு முறை இதை எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நீலா பயந்தாள். அதைச் சொல்லத்தான் படம் எடுத்தாள். படமோ இந்த எதிரொலியில் யாருக்கும் புரியப்போவதில்லை.

கல் தேய்ந்துவிடும் என்று துரைராஜ் யாரையும் இறங்க விடவில்லை. இருட்டியதும் வந்த ஜனங்கள் மேலே, கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

படம் ஓடியது. சிலர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது மாடி புஷ்பா கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள். "நான் பேசினது எனக்கே புரியலை. கீழ போய்க் கேக்கறேன், கொஞ்சம் நகருங்க சார்."

அவள் பின்னால் அவள் நாத்தனார். நாத்தனார் பின்னால் ஒரு கூட்டம். அவர்களை மேலே அழைத்துவர இறங்கிய துரைராஜும் நடுவில் மாட்டிக்கொண்டார். திரும்பி ஏற வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார்.

சரத் சட்டென்று தலை நிமிர்ந்தான். பட்டனைத் தொடவே இல்லை. சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கத் தொடங்கியிருந்தன.

நீலாவுக்குப் புரிந்தது. வெறுங்கல் தன்மேல் விழும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். புடவையும் சட்டையும் உடம்பும் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். காலையிலிருந்து அவர்கள் காலிக் கிணற்றில் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தை முதலிலிருந்து போடச் சொன்னாள்.

தங்கள் ஓவியம் வந்தபோது ஒவ்வொரு குடும்பமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. கிணறு ஒருவர் படத்தில் நீலம், ஒருவர் படத்தில் கறுப்பு. யாரோ அதில் ஆமை விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களிடம் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டார்கள்.

பிறகு திரையில் புஷ்பாவின் ஓவியம் வந்தது, அவள் குரலோடு.

"எங்க வீட்டுக் குப்பையும் இங்கதான் விழுந்துச்சு. பால்கனியிலேர்ந்தே கவரைக் கட்டி வீசுவேன்."

ஒரே முறைதான் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

புஷ்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுதும்தான்மா," என்றார் துரைராஜ்.

அதற்குப் பிறகு கூட்டத்தை யாரும் தொடங்கிவைக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பக்கமும் பேசினார்கள். எதிர்ப் படியில் இருந்தவர் சொன்னது இந்தப் படிக்குத் தெளிவாக வந்தது.

கலையும்போது முடிவாகியிருந்தது. கிணற்றுக்கு மூடி கிடையாது. சாயங்காலங்களில் காலனி இந்தப் படிகளில் வந்து உட்காரும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மேலேயிருந்து யாரும் குப்பை வீசமாட்டார்கள்.