நேற்று முளைக்காத கரை

துறைமுகத்து வாயிலில், கடலுக்கு அடியில், மணலுக்குள் ஒரு நண்டு அரைத்தூக்கத்தில் கிடந்தது. அன்று காலை மேலேயிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் இறங்கி, தரையைத் தடவித் தடவி மண்ணை உறிஞ்சியது. தூர்வாரும் கப்பலின் குழாய் அது.

"ஐயையோ, என் வீடு!" என்று அலறியது நண்டு.

"கோவிச்சுக்காதே. இங்கே மண் மேடிட்டு, வர்ற கப்பலெல்லாம் தரை தட்டுது. வடக்கே கடல் கரையை அரிச்சுத் தின்னுது. இங்கே மிஞ்சினதை அங்கே கொண்டுபோய்ப் போடறேன். நீயும் வா" என்றது கப்பல்.

கப்பலின் வயிற்றுக்குள் மண்ணோடு மண்ணாக நண்டு மிதந்தது. தண்ணீர் வழிந்தோடியது, மணல் தங்கியது. தாலாட்டு மாதிரி இருந்தது. பிறகு கப்பல் அந்த மணலையெல்லாம் வானவில்லாக வளைத்துப் பீய்ச்ச, நண்டு பிறந்ததிலிருந்து முதல்முறையாகப் பறந்தது. கீழே வெறும் அலையடித்த இடத்தில் ஒரு கரை முளைத்துக்கொண்டிருந்தது. மெத்தென்று அதில் விழுந்து, வளை தோண்டி, கண்ணயர்ந்தது.

ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் கப்பல் அடுத்த நடை வந்துவிட்டது. வானவில்லிலிருந்து இன்னொரு நண்டு தொப்பென்று விழுந்தது.

"அண்ணே, ஓரமா ஒரு வளை தோண்டிக்கட்டுமா?"

முதல் நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"யாருடா நீ, எந்த ஊரு? கண்டவனும் வந்து குடியேற இதென்ன சத்திரமா? இது எங்க பூர்வீக மண்ணு!"

அதன் முதுகில் துறைமுகத்து ஈரம் இன்னும் காயவில்லை.