வேர்த்த பொட்டு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அடையாறில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கடல் அலையைக் கணக்கிடும் ஆபீஸுக்கு லீவு முடிந்து வந்த ஷீலா, எட்டு கம்ப்யூட்டர் மெஷின்களுக்கும் வேலையைச் சமமாகப் பிரித்தாள். எல்லாம் ஏழாவதிலேயே போய்க் குவிந்தது. மூன்று முறை மாற்றியும் அப்படியே. கடலுக்குப் போகலாமா என்று அவள் சொல்லுக்காக மீனவக் குப்பத்தில் தம்பி படகோடு காத்திருந்தான்.

"இன்னா டில்லி, ஏழாவது மட்டும் எல்லாத்தையும் இழுத்துக்கினு கீது?"

"அது எரிஞ்சிபோச்சின்னு போன வாரமே கழட்டிட்டாங்களே," என்றான் கூட வேலை செய்யும் டில்லிபாபு.

அப்போதே திரையில் ஏழாவதின் விடை வந்தது: இரண்டு ஆள் உயர அலை.

ஷீலா போனை எடுத்தாள். "தம்பி, இன்னிக்கு போவாத."

வேலைகள் தாமாகவே மற்ற ஏழுக்கும் சமமாகப் பிரிந்தன. ஏழாவது இருந்த காலித் தட்டில், ஆயுத பூஜைக்கு வைத்துக் காய்ந்துபோன சந்தனப் பொட்டு வேர்த்திருந்தது.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் விளக்கு வைக்கும் முன் வந்து சேரட்டும்.