வெறும் வயிற்றில் ஒன்று

"வாயத் தொற புள்ள. நாக்கத் தூக்கு."

இசபெல்லா உதட்டை இறுக மூடிக்கொண்டு தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

பெரியநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய பெண்டாட்டியை, அதுவும் ஐந்து மாதக்காரியை, மாங்காய் திருடியவளைப் போல நிறுத்திச் சோதிக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டாளே என்கிற கோபம்.

நேற்று தருமபுரியில் டாக்டரம்மா அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேசைமேல் போட்டார். மூன்று மாதமாகத் தைராய்டு மாத்திரை தின்கிறவளின் ரத்தமா இது? இவள் கழுத்துச் சுரப்பி செய்யாத வேலையை அந்த மாத்திரைதான் செய்ய வேண்டும். அது குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குத்தான் கேடு.

அவன் என்ன குறை வைத்தான்? தருமபுரியில் மாத்திரை கிடைக்காத மாதம், கூலி வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினான். விடிந்ததும் முதல் காரியமாக மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைக்கிறவன் அவன்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பித்தண்ணி. மருமகளுக்கு நடக்கும் இந்த உபசாரத்தைப் பார்த்து முணுமுணுத்த அம்மாவைக்கூட, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, வாயை மூடச் சொன்னான்.

இவ்வளவுக்கும் பிறகு ஏமாற்றுகிறாள். யாரை? தன் வயிற்றையே.

தாடையைப் பிடித்துத் திறந்தான்.

நாக்குக்கு அடியில் பாதி மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. கடித்து, ஒரு பாதியை மட்டும் முழுங்கியிருக்கிறாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முழுங்குகிறவள் முழுசாக முழுங்கித் தொலைக்க வேண்டியதுதானே?

அடுப்படியிலிருந்து மூத்த மகள் ராயம்மாள் தவழ்ந்து வந்தாள். வருகிற மாதா திருநாளோடு ஐந்து வயது முடிகிறது. இன்னும் நடை வரவில்லை, 'அம்மா' என்று ஒரு சொல் வரவில்லை.

வந்தவள் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, தினமும் செய்து பழகியவளாக, வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

இசபெல்லா அவன் கையைத் தள்ளிவிட்டு அந்தப் பாதியை விரல் நுனியில் எடுத்தாள்.

"இவ என் வயித்துல இருக்கறப்ப, இதே மாத்திரையத் தின்னா புள்ளைக்கு ஆவாதுன்னு டப்பாவோட கெணத்துல வீசுனீங்களே. அது இவ பங்குங்க."

தட்டிவிடப் போன பெரியநாயகத்தின் கை நின்றுவிட்டது.

ராயம்மாள் சமர்த்தாக முழுங்கினாள்.