ஆறாவது இழைப்புளி

"இது இழைப்புளியா, இல்ல கடல்ல முங்கின கப்பலா?"

அக்கா கேட்டாள். தங்கை, பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மரம் சீவுகிற, நீளமான, கனமான, பழைய இரும்பு இழைப்புளி. அடிப்பக்கம் முழுக்கத் துரு.

"கூரை ஒழுகுதுக்கா."

"போன வாரமும் ஒழுகிச்சு. அதுக்கு முந்தின வாரமும் ஒழுகிச்சு. உன் கூரை இழைப்புளி எங்க இருக்குன்னு தேடித் தேடி ஒழுகுதா?"

"என்ன பண்றது. வேலை தலைக்கு மேல கிடக்கு. வாரக் கடைசிக்குள்ள சரி பண்ணிக் குடு."

"தச்சு வேலை பாக்கறேன்னு வெளிய சொல்லிக்காதே. என் மானம் போகுது."

தங்கை சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

இரண்டு பேரும் ஒரே தெரு. தங்கை கதவு, ஜன்னல் செய்கிறவள். அக்கா பழைய இழைப்புளிகளுக்கு உயிர் கொடுக்கிறவள். கொடுத்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். பலகை அடுக்கு சரிந்து இடது கை முறிந்ததிலிருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் விருந்தாளி மாதிரி மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா, இந்தக் கை எதுக்கும் உதவாதும்மா" என்றாள் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண்.

"எனக்கு ஒரு கை போதும். நீ கிளம்பு."

அந்தப் பெண் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளை அவள் கண்ணெதிரிலேயே அக்கா கிழித்துப் போட்டாள். தங்கைதான் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள்.

அதற்கப்புறம்தான் இந்தத் துரு வியாதி ஆரம்பித்தது. முதலில் தங்கை கொண்டுவந்தது உள்ளங்கையளவு இழைப்புளி. அக்காவுக்குத் தொட விருப்பமில்லை. ஆனால் நல்ல இரும்பு அழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரவும் முடியவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இது ஆறாவது.

முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடிப் பலகைமேல் துரு தேய்க்கிற எமரித் தாளை ஒட்டினாள். இழைப்புளியின் அடியில் பேனாவால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டாள். கோடு எல்லாம் அழிந்தால் அடி சமமாகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

முன்னே. பின்னே. முன்னே. பின்னே.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. இரும்பு உரசுகிற சத்தமும் மழையும் எப்போது ஒரே சத்தமாயின என்று தெரியவில்லை. சிவப்புத் தண்ணீர் மேசை விளிம்பில் சொட்டியது. துருவுக்கு அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு தீவு எழுந்தது. பிறகு இன்னொன்று. தீவுகள் நெருங்கி, ஒட்டி, நீளமாக ஒரு கரையாயின. அந்தக் கரையில் அவள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். திட்டுவது நின்றுபோனது. தனக்கென்று கை இருப்பதே மறந்துபோனது.

அப்படியே மூன்று நாள் போனது.

நாலாவது நாள் அலகைத் தீட்டி மாட்டி, ஒரு பலகைமேல் ஓட்டிப் பார்த்தாள். சீவல் மூச்சு விடுவது மாதிரி சுருண்டு எழுந்தது. அதை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வழியே தெரு முழுக்கத் தேன் நிறமாகி மிதந்தது. மழை தேன். மரம் தேன். கோடியில் தங்கையின் கடை, அதன் கூரையும் தேன்.

சீவலைக் கீழே இறக்கினாள்.

பளபளவென்று புத்தம் புதுத் தகரக் கூரை.

"ஒழுகுதா? இரு, வரேன்."

குடையை விரித்தாள். இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எந்த வசவை முதலில் போடுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். கடைக்குள் நுழைந்தபோது குடையை மடக்கக்கூடத் தோன்றவில்லை.

உள்ளே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. மூலையில் ஒரு வாளி. அதற்குள் இன்னொரு இழைப்புளி, இதைவிடப் பெரிசு, பாதி முழுகி நின்றது. பக்கத்தில் காலியான உப்புப் பொட்டலம்.

"அடிப்பாவி. நல்ல இரும்பை உப்புத் தண்ணியில ஊறப் போட்டு என் தலையில கட்டறியா? ஆறு வாரமா என்னைக் கேணச்சின்னு நினைச்சிட்டு இருக்கியா?"

தங்கை அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உன்னைத்தான்டி கேக்கறேன்."

"அக்கா, அப்படியே நில்லு. ஒரு நிமிஷம் அசையாதே."

தங்கை சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு தாள். கிழிந்த துண்டுகளை மரப்பசை போட்டு ஒட்டியிருந்தது. பிசியோ பெண்ணின் கையெழுத்து.

முதல் வாரம், அரைக் கிலோ. இரண்டாவது வாரம், ஒரு கிலோ. வரிசையாகப் போனது. ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரே தச்சுப் பென்சிலால் ஒரு டிக். ஆறாவது வாரத்துக்கு மட்டும் இல்லை. 'நாலு கிலோ. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

தங்கை காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

அக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

குடை வலது கையில் இருந்தது.