மிச்சிகன் ஏரியில் ஒரு சால்மன்

“வேகத்தைக் குறை டார்லா. படகு பின்னால தூண்டில் இவ்வளவு வேகமா ஓடினா சால்மன் மீன் துரத்தாது,” என்றான் வெர்ன்.

படகை ஓட்டிக்கொண்டிருந்த டார்லா முறைத்தாள். “கல்யாணமான நாள்லேருந்து இதே அதட்டல்தான்.”

“இப்போ இடப்பக்கம் திருப்பு. அந்தப் பக்கத்துத் தூண்டில் வேகம் குறைஞ்சு தானா கீழே இறங்கும். மீன் ஆழத்துலதான் இருக்கு.”

அவள் திருப்பியதும் தூண்டில் கழி வெடுக்கென வளைந்தது. வெர்ன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, “நீயே இழு,” என்றான். மூச்சு வாங்க அவள் இழுத்துப் போட்டது பத்துக் கிலோ சால்மன்.

கரையில் இறங்கியதும் படகுச் சாவியை நீட்டினான். “விவாகரத்துல கோர்ட்டு படகை உனக்குக் குடுத்துடுச்சு. அது மீனே பிடிக்காம சும்மா கிடந்தா என்னால தாங்க முடியாது. அதான் சொல்லிக் குடுத்தேன். வரேன்.”

“வெர்ன்! இவ்வளவு பெரிய மீனை நான் ஒருத்தி எப்படிச் சாப்பிடுறது?”

போய்க்கொண்டிருந்தவன் நின்றான்.